ஆமா போடுகிறவரின் முகம்

காலர் மைக் எங்களிடம் இரண்டுதான் இருந்தது. ஒன்று பேட்டி எடுப்பவருக்கு. இன்னொன்றை யாருக்கு மாட்டுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை, நேரே பால்வெட்டு அண்ணனின் சட்டையில் மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற தையல்கார அண்ணனிடம், "உங்களுக்கு மைக் வேண்டாம் இல்லியா, நீங்க அதிகம் பேசமாட்டீங்களே" என்றார் நிகழ்ச்சியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர்.

அண்ணன் "ஆமா" என்றார்.

2003 கிறிஸ்துமஸ். எனக்கு அப்போது 23 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தேன். பண்டிகை நாட்களில் 'சிறப்பு விருந்தினர்' என்று ஒரு மணிநேர நேரலை இருக்கும். ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு அறைதான் ஸ்டுடியோ. நீலத் துணி ஒன்றைப் பின்னால் கட்டி, மூன்று நாற்காலி போட்டு, பிளாஸ்டிக் பூ வைத்து, இரண்டு ஹாலஜன் விளக்கை முகத்துக்கு நேரே எரியவிட்டால் செட் தயார். விளக்குச் சூட்டில் பத்தாவது நிமிடத்திலேயே எல்லோருக்கும் வியர்த்து வழியும். நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசலாம். வழக்கமாக டாக்டர், வக்கீல், பங்குத்தந்தை, பரீட்சையில் மாவட்ட அளவில் மார்க் வாங்கிய பிள்ளைகள், இப்படித்தான் விருந்தினர் வருவார்கள். அந்த வருஷம் முதன்முறையாக ஒரு நகைச்சுவை ஜோடியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவர் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு, பத்து மணிக்குள் பாலை எடுத்து ஊற்றி முடித்துவிடுவார். மீதி நாள் பூராவும் பேச்சுதான். இன்னொருவர் தக்கலை பக்கம் தையல்காரர். பாதர்மாருக்கு அங்கி தைப்பார், பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். பேச்சு குறைவு. இருவரும் சேர்ந்து கோயில் கொடைகளிலும் பங்குத் திருவிழாக்களிலும் பதினைந்து, பதினாறு வருஷம் மேடையேறியவர்கள். பத்து நாள் திருவிழாவில் ஒன்பதாம் நாள் ராத்திரி கலை நிகழ்ச்சியில் இவர்கள் இருந்தால் பந்தலில் இடம் கிடைக்காது. மதிலில் ஏறி உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களிடம் வேஷம் எதுவும் கிடையாது. ஒற்றை ஸ்டாண்ட் மைக். இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் வந்து நிற்பார்கள். பால்வெட்டு அண்ணன் கதை சொல்வார். தையல்கார அண்ணன் "ஆமா" போடுவார். நடுநடுவே ஒரு கேள்வி கேட்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஆனால் அந்த ஆமா இருக்கிறதே! நம்பிக்கையோடு ஒரு ஆமா. சந்தேகத்தோடு ஒரு ஆமா. 'இவன் இப்போ பொய் சொல்லப்போகிறான்' என்று தெரிந்துகொண்டே, கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் போடுகிற ஒரு ஆமா. பொம்பளைகள் வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் என் அம்மா, "அந்த மனுஷன் ஆமா சொன்னா எனக்கு வயிறு வலிக்குது" என்பாள்.

இந்த ஆமா எங்கிருந்து வந்தது என்று எங்கள் மாவட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். வில்லுப்பாட்டில் இருந்து வந்ததுதான். முத்தாரம்மன் கோயிலிலும் சுடலைமாடன் கோயிலிலும் கொடை என்றால் வில்லு இல்லாமல் நடக்காது. மணி கட்டிய வில், அதில் வீசுகோல் அடி, குடம், உடுக்கை, ஜால்ரா. தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஆமா போட்டு வாங்குவார், சில இடத்தில் கேள்வி கேட்பார், சில இடத்தில் வரியைத் திருப்பிப் பாடுவார். ராத்திரி முழுக்க ஓடுகிற கதையில் தலைமைப் பாடகர் மூச்சு வாங்குவதற்கும், தூங்கி விழுகிற கிழவிகள் நிமிர்ந்து உட்காருவதற்கும் அந்த ஆமாதான் உதவி. தையல்கார அண்ணன் சின்ன வயதில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் ஜால்ரா போட்டவர். அவருக்கு அண்ணாவி, அதாவது அந்தக் குழுவின் ஆசான், ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தாராம்: "ஆமா போடியவன் கதைய முந்தவும் பிடாது, பிந்தவும் பிடாது." இதை அவரே பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நாற்காலிகளைப் போட்டபோதே தப்பு நடந்துவிட்டது. பேட்டி எடுப்பவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அவருக்கு வலப்பக்கம் பால்வெட்டு அண்ணன், இடப்பக்கம் தையல்கார அண்ணன். பார்க்க அழகாக, சமமாக இருந்தது. ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு கோட்டும் டையும் இருந்தன.

நேரலை தொடங்கியது. பேட்டி எடுப்பவர் நல்லவர், படித்தவர், யாரையும் புண்படுத்திப் பேசத் தெரியாதவர். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாக் கேள்வியும் வலப்பக்கம் போனது. எப்படி நகைச்சுவைக்கு வந்தீர்கள், பிடித்த நடிகர் யார், வீட்டில் எப்படி, இப்படியே. பால்வெட்டு அண்ணன் பதில் சொன்னார். மேடையில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைக்கிற மனுஷன், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பையன் மாதிரிப் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் மூன்று முறை முகத்தைத் துடைத்தார். "உங்க காமெடி ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. பாறசாலைக் கதையை எடுத்தார்.

கேரளத்துப் பாறசாலையில் நடக்கிற அந்தக் கதை அவர்களுடைய பேர்போன உருப்படி. மேடையில் அது இப்படிப் போகும்.

"பாறசாலையில போயி மூணு மணிக்கூர் மலையாளம் பேசினேன் வே."

"ஆமா."

"சாயாக்கடையில பேசினேன், பஸ்ஸுல பேசினேன், போலீசுக்காரன்ட்ட வரைக்கும் பேசினேன்."

"ஆமா."

"ஒருத்தனுக்கும் மனசிலாகல்ல."

இங்கே தையல்கார அண்ணன் ஆமா போடமாட்டார். கூட்டாளியைப் பெருமையாகப் பார்ப்பார். அப்புறம் அந்தப் பெருமை மெதுவாக முகத்தை விட்டு இறங்கும். புருவத்தில் ஒரு சின்னக் கணக்கு ஓடும். பந்தலில் பாதிப் பேர் அந்த நேரத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம்தான் கேள்வி வரும்.

"எது வே? நீரு தமிழன்னா?"

"இல்ல. நான் பேசினது."

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். எங்கள் வீடுகளில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. 'புரிந்ததா' என்பதற்கு 'மனசிலாச்சா' என்றுதான் இன்றைக்கும் கேட்கிறோம். மலையாளம் நமக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம், அங்கே போனால் அவர்கள் சிரிப்பார்கள். தமிழ் நமக்கு உண்டு என்று நினைத்துத் திருநெல்வேலி தாண்டினால் அங்கேயும் சிரிப்பார்கள். அதனால் இந்தக் கதைக்கு எங்கள் ஊர்களில் சிரிக்காத ஆள் கிடையாது.

ஸ்டுடியோவில் என்ன நடந்தது? "ஒருத்தனுக்கும் மனசிலாகல்ல" என்று பால்வெட்டு அண்ணன் முடித்து, பழக்கத்தில் தலையைத் திருப்பினார். அங்கே தையல்கார அண்ணன் இல்லை. பேட்டி எடுப்பவர் இருந்தார். அவர் உடனே கைதட்டி, "அருமை! அவ்வளவு நல்லா மலையாளம் பேசுவீங்களா? எங்கே படிச்சீங்க?" என்றார்.

கதை அங்கேயே செத்துப்போனது. கடைசி வரிக்கு வழியே இல்லை. பால்வெட்டு அண்ணன், "இல்ல, சும்மா, கேட்டுக் கேட்டுப் படிச்சதுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

நான் இரண்டாவது கேமரா. எனக்குக் கொடுத்த வேலை இடப்பக்க நாற்காலி. முதல் கேமராவை மூத்தவர் ஒருவர் வைத்திருந்தார், பேசுகிற ஆள் அவருக்கு. என்னுடைய படம் மிக்ஸருக்குப் போகும், ஆனால் ஒளிபரப்பில் எப்போதாவதுதான் எடுப்பார்கள். அதனால் எனக்கு அவசரம் இல்லை. அந்தப் பத்து நிமிடமும் வியூஃபைண்டரில் தையல்கார அண்ணனின் முகம் மட்டும்தான். கேமரா பானாசோனிக் எம் 9000. கல்யாண வீடுகளில் தோளில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். மிக்ஸருக்குப் படம் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே கேசட் போட்டால் தனியாகவும் பதிவாகும். என் வேலையைப் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று சொந்தக் காசில் ஒரு ஈ-180 கேசட் வாங்கிப் போட்டிருந்தேன்.

அவர் முகத்தில் நான் பார்த்ததை அதற்கு முன் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. தூரத்தில் மதிலில் உட்கார்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? நடுவில் ஆள் மறைத்தாலும், மைக் இல்லாவிட்டாலும், தன்னை யாரும் கேட்காவிட்டாலும், கூட்டாளி பேசப் பேச அவர் ஒவ்வொரு வரிக்கும் ஆமா போட்டுக்கொண்டே இருந்தார். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. பாறசாலைக் கதையில் அந்த இடம் வந்தபோது முகத்தில் பெருமை வந்தது, இறங்கியது, புருவம் கணக்குப் போட்டது. கேள்வி கேட்க வாய் திறந்தது. அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தன் முழங்காலைப் பார்த்தார்.

விளம்பர இடைவேளை. நகைக்கடை, ஜவுளிக்கடை, மறுபடி நகைக்கடை. தையல்கார அண்ணன் எழுந்து வந்து பொறுப்பாளரிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நான் அந்தப் பக்கம் அவருக்க கூடப் போயி இருக்கட்டா?"

"படம் ஒரு பக்கமா சாயுமே அண்ணே."

"சாயட்டும் மக்களே. அவரு தனியா கிடந்து கஷ்டப்படியாரு."

தனக்கு மைக் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கூட்டாளி கஷ்டப்படுகிறார் என்றுதான் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் மறக்காது.

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பேட்டி எடுப்பவர் ஓரத்துக்குப் போனார், கோபம் எதுவும் இல்லாமல் அவரே நகர்ந்து கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரம் முடியப்போகிற நேரத்தில் பால்வெட்டு அண்ணன் ஒரு காரியம் செய்தார். சட்டையில் குத்தியிருந்த காலர் மைக்கைக் கழற்றி, இரண்டு விரலில் பிடித்து, இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். மேடையில் ஸ்டாண்ட் மைக் இருக்கிற அதே இடம், அதே உயரம்.

அடுத்த அழைப்பு கருங்கலில் இருந்து ஒரு அம்மா. "எண்ணே, அந்தப் பாறசாலைக் கதைய ஒழுங்காச் சொல்லுங்க" என்றார். 'ஒழுங்கா' என்று அழுத்திச் சொன்னார். அவருக்குக் கதை தெரியும், வீட்டில் இருந்தபடியே அது செத்துப்போனதையும் பார்த்திருக்கிறார்.

மறுபடி சொன்னார்கள். இப்போது நாற்காலியில் இருந்த இருவரும் வேறு ஆட்கள். மிக்ஸர் போடுகிற பையன் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். கேமராவை முழுக் காட்சிக்கு மாற்றச் சொல்லிப் பொறுப்பாளர் கையைக் காட்டினார். நான் மாற்றவில்லை. அந்த முகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் ஒரு பொறுப்பாளர் சொல்லை நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு முறைதான். ஒளிபரப்பில் போனது என்னவோ முதல் கேமராவின் படம்தான், பால்வெட்டு அண்ணனின் முகம். வீட்டில் பார்த்தவர்கள் கேள்வியைக் கேட்டார்கள், கேட்டவரைப் பார்க்கவில்லை.

ஜோடி நகைச்சுவை என்றால் நாம் பேசுகிற ஆளைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர்க்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டை ஊர்க் கோயிலில் இருந்து பட்டணத்து மேடைக்கு எடுத்துப் போனவர், வில்லுப்பாட்டுக்காரர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப் போனவர். பஸ்ஸில் ஒழுகினசேரி தாண்டும்போதெல்லாம் அவருடைய வீட்டை அம்மா எனக்குக் கை காட்டுவாள். அந்த வீட்டின் பெயர் மதுரபவனம். மனைவியும் படங்களில் தன் ஜோடியுமான டி.ஏ. மதுரத்தின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார் அவர். அந்த இருவரின் பழைய காட்சிகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, மதுரத்தை மட்டும் பாருங்கள். கேட்கும்போது அந்த அம்மாவின் கண்ணும் தாடையும் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்வது அந்த முகம்.

கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30-ல் காலமானார். டெல்லியில் தொலைக்காட்சி வந்ததே 1959-ல்தான், சென்னைக்கு 1975-ல். அந்த ஜோடியை ஒரு சோபாவில் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே 1957 ஆகஸ்ட் 7-ல்தான் அமெரிக்காவில், லாரல்-ஹார்டி என்ற சினிமா நகைச்சுவை ஜோடியில் ஒருவரான ஆலிவர் ஹார்டியும் போனார். லாரலையும் ஹார்டியையும் 1954 டிசம்பர் 1-ம் தேதி அங்கே ஒரு நேரலை நிகழ்ச்சியில், முன்கூட்டிச் சொல்லாமலே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். லாரலுக்கு அது பிடிக்கவே இல்லை. ஒத்திகை இல்லாமல் மக்கள் முன் வருவது அவருக்கு ஆகாது. ஹார்டி இறந்த பிறகு லாரல் நடிக்கவே இல்லை. ஆனால் இருவருக்குமான காட்சிகளை எழுதிக்கொண்டே இருந்தார் என்று படித்தபோது எனக்குத் தக்கலையின் ஒரு தையல் கடைதான் ஞாபகம் வந்தது.

பால்வெட்டு அண்ணன் நான்கு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். காலையில் மரம் வெட்டிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு தையல்கார அண்ணன் மேடையேறவில்லை. இளம்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து, நாங்கள் கதை சொல்கிறோம், நீங்கள் ஆமா போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றைய ஒளிபரப்பின் பதிவு இப்போது இல்லை. கேசட்டுக்குச் செலவு ஆகிறது என்று அதே கேசட்டின் மேலேயே அடுத்தடுத்த நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்கள். திருவிழா மேடைகளில் எடுத்த படம் ஏதாவது யாரிடமாவது இருக்குமா என்று நான் விசாரிக்காத வீடியோக்காரர் இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. பதினாறு வருஷ மேடைக்கு மிச்சம் இருப்பது என்னுடைய அந்த ஈ-180 மட்டும்தான். அதில் இருப்பது முழுக்க முழுக்கத் தையல்கார அண்ணனின் முகம். எம் 9000-ன் முன்னால் இருக்கும் மைக் பக்கத்துச் சத்தத்தைத்தான் நன்றாக எடுக்கும். அதனால் மைக் கொடுக்காத மனுஷனின் ஆமா ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிறது. கதை சொல்கிறவரின் குரல் கொஞ்சம் தள்ளி, அடுத்த அறையில் இருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது.

இப்போது கருங்கல் போகிற ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டுடியோ உண்டு. போன மாதம் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பூஞ்சை பிடித்திருந்தது, நாடாவைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாள் ஆனது. ஏற்றி முடித்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் வந்தார். கண்ணில் ஒரு பக்கம் புரை எடுத்திருக்கிறார், திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து போய் சாயா வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது பாறசாலைக் கதை ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது முறை சொன்னது. "போலீசுக்காரன்ட்ட வரைக்கும் பேசினேன்" என்றது தள்ளி வருகிற குரல். திரையில் ஒரு ஆமா, நாற்காலியில் இருந்து ஒரு ஆமா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

கதை முடிந்தது. திரைக்குப் பின்னால் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார். சாயாவை வாங்கி ஓரமாக வைத்தார்.

"கொஞ்சம் பொறகால போ மக்களே. அந்த 'எது வே' கேக்குத இடம். நான் அரை நொடி முந்திட்டேன். இன்னொரு வாட்டி போடு."